டபுள்ஸ் கூடாது

என் மாமாவிடம் வாடகை சைக்கிள் கேட்டு வந்தவர்கள் கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு போனதாகச் சரித்திரமே இல்லை. ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவராகவே ஒரு வண்டியை எடுத்துக் கொடுப்பார். கள்ளக்குறிச்சியில் அதற்காக அவரைத் திட்டாதவர்கள் குறைவு. திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் அதைவிடக் குறைவு.

இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம் அது. வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. லீவுக்கு வந்திருந்த நான் உளுந்தூர்பேட்டைக்குத் திரும்ப முடியாமல் மாமா வீட்டில் மாட்டிக்கொண்டேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மாமா அத்தைக்கு என்னோடு போட்டிக்கு வரப் பிள்ளைகள் கிடையாது. அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த குட்டித் தலையணையில் என் பொம்மை ராணி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் மஞ்சள் பையோடு ஒருவர் வந்தார். 'டபுள்ஸ் கூடாது' என்று கடையில் தொங்கிய பலகையைப் பார்த்துவிட்டு, "தியாகதுருகம் போவணும்ங்க. நான் ஒரு ஆளுதான்" என்றார்.

மாமா பையைப் பார்த்தார். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள் அதில் எட்டிப் பார்த்தன. இருப்பதிலேயே உறுதியான வண்டியை இழுத்துப் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தார். கேரியரில் சாக்கை நாலாக மடித்துக் கட்டினார்.

"மரம் கெடக்கற எடத்துல அவங்கள எறக்கி, மெதுவா நடக்க வெச்சி இட்டுகினு வாங்க."

வந்தவர் திருதிருவென்று விழித்தார். "மொத பிரசவம்ங்க. ஆசுபத்திரிக்கு இட்டாரணும். சொன்னா வண்டி தர மாட்டீங்கன்னுதான்..."

கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து இதைக் கேட்ட அத்தை, என் பொம்மையைத் தரையில் கிடத்திவிட்டு, தலையணையைக் கொண்டுவந்து அவர் பையில் திணித்தார். நான் தெருவே கூடும்படி அழுதேன்.

மூன்றாம் நாள் வண்டி திரும்பியது. "பொண்ணு பொறந்திருக்குங்க. தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க" என்றார் சிரிப்போடு. நான் விடவில்லை.

"என் தலகாணி எங்க?"

பாவம், தலையைச் சொறிந்தார். "பாப்பா அதுலதான் தூங்கிகினு கீதும்மா. தொவச்சி எடுத்தாந்து குடுத்துடறேன்."

"வேணாம்ங்க. அங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனவர், வெகுநேரம் வரவில்லை. மாமா துடைத்த கேரியரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்மேல்தான் கோபம் என்று நினைத்து உள்ளே போய், இனிமேல் கேட்கமாட்டேன் என்றேன். அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். பொம்மைக்கு வேறொன்று தைத்துத் தருவதாகச் சொன்னார். மறுநாளே தைத்தும் தந்தார்.

முதல் தலையணையை யாருக்காகத் தைத்தார் என்று கேட்கும் புத்தி அப்போது எனக்கு இல்லை. இல்லாமல் போனதும் நல்லதுதான்.