குழாயில்லாத இடத்தில் ஒரு வரிசை

வேங்கிக்கால் பக்கம் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் வீடு கிடைத்தபோது, அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். கால்வாய் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழ் குடித்தனம் நடத்தியவளுக்கு, வீட்டுக்குள்ளேயே குழாய் என்பது சின்ன விஷயமா? சந்து முழுவதற்கும் ஒரே தெருக்குழாய். விடிவதற்குள் குடம் வரிசைக்குப் போயாக வேண்டும். அந்த வரிசையில் நான் போடாத சண்டை இல்லை.

மாமியாருக்குத்தான் மனசே இல்லை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே, "ஒரு வாரம் பாக்கறேன். புடிக்கலன்னா கீழ்பென்னாத்தூர்ல பொண்ணு வூட்டுக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் போய்விட்டால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? லாட்ஜில் அறை பெருக்கும் வேலையை விட வேண்டியதுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவரோடு வாய்ச்சண்டை போடாவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையா என்று பதறிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

கீழே மோட்டார் அறைக்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே எங்கள் பழைய சந்துப் பெண்கள். நடுவில் மாமியார்.

"என்னா அத்தை, இங்க பைப்பே இல்லியே?"

"யாரோ வெச்சிருந்தாங்க. நானும் பின்னாடி வெச்சேன்."

முதலில் வைத்தது யார் என்று விசாரித்தேன். பழைய எதிர்வீட்டுக்காரி அசடு வழியக் கையைத் தூக்கினாள். தூக்கக் கலக்கத்தில், பழக்க தோஷத்தில் வைத்துவிட்டாளாம். பார்த்தவர்கள் எல்லாம் ஒரு கேள்வி கேட்காமல் பின்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் குழாய் இருக்கிறது! சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் ஒருத்தியும் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து குடம் வரவில்லை. முறமும் காய் நறுக்கும் தட்டும் வந்தன. இடம் பிடிக்கும் சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

வாரம் முடிந்த அன்று, வேலைக்குக் கிளம்பி மோட்டார் அறையைத் தாண்டும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னா அத்தை, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு எப்போ?"

அவர் நிமிரவில்லை. பக்கத்தில் கிடந்த காலி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்குத்தான் எடம் போட்டு வெச்சேன். உக்காரு. சண்ட போடறதுன்னா இங்கயே போடு."

லாட்ஜில் திட்டினால் திட்டட்டும் என்று உட்கார்ந்தேன்.