கால் முன்னால் வந்து பிறந்தவள்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். உத்திரமேரூரைச் சுற்றி எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தும் என்பதுவரை எனக்கு அத்துப்படி. மாகறல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகத்தான் மனசே வராது.

அங்கே படுத்திருந்தவர் கழனி வேலை செய்தவர். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். எலும்பை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்; வெளியே வெறும் முதுகுவலியாகத்தான் தெரியும். அவரும் பிடிப்பு என்றே நினைத்தார். அவர் மகள் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அவளிடம் வருவார்கள். அப்பாவுக்குச் செய்யமாட்டாளா? குப்புறப் படுக்கவைத்து, வலி அதிகம் என்பதால் கொஞ்சம் அழுத்தியே மிதித்தாள். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. அதன்பிறகு அவர் கால்கள் அசையவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் நோயே தெரிந்தது.

“நாந்தான சிஸ்டர் எங்கப்பாவ இப்டி ஆக்கிட்டேன்?” என்று போகும்போதெல்லாம் கேட்பாள்.

“அரிச்சுப்போன எலும்பும்மா. தும்முனாலே ஒடிஞ்சிருக்கும்” என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் காதில் ஏறாது. சோறு வடிப்பாள், துணி துவைப்பாள், அப்பாவை மட்டும் தொடமாட்டாள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு பேராக, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் அவரைப் புரட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுத்தான் புரட்டுவேன். ஒருநாள் கோபத்தில், “உங்கப்பாதான, ஊராரா?” என்று கேட்டும்விட்டேன். அழுதாள். எனக்கும் சங்கடமாகிவிட்டது.

அவர் நாளுக்கு நாள் தேய்ந்தார். மகள் கிட்டே வராததுதான் நோயைவிட அவரை வாட்டியது. நான் கடைசியாகப் பார்த்த அன்று அவளைக் கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. காலு ரெண்டும் கடுக்குது. கொஞ்சம் அமுக்கி வுடு.”

“நா வாணாம்பா. சிஸ்டர் அமுக்குவாங்க.”

“நீ அமுக்குனாதான் வலி போவும்.”

அவள் என்னைப் பார்த்தாள். “மெதுவா அமுக்கு, ஒண்ணும் ஆவாது” என்றேன். பயந்து பயந்து உட்கார்ந்து, பாதத்தில் கை வைத்தாள். பிறகு கெண்டைக்கால். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சொகமா கீதும்மா.”

அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்ப முடியாமல் நின்று அழுதேன். சற்று முன்னால்தான் அந்தக் கால்களைப் பஞ்சால் தொட்டு, பிறகு ஊசி முனையாலும் தொட்டுப் பார்த்திருந்தேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.