காசிமாயன் வண்டியின் வைப்பர்

பானெட்டைத் திறந்து, குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறார் காசிமாயன். பாட்டிலின் ரப்பர் மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்றின் நுனியில், டாக்டர்கள் பிரஷர் பார்க்கும் கருவியிலிருந்து கழற்றிய ரப்பர் குமிழ் ஸ்டீயரிங் பக்கம் தொங்குகிறது. அதை அமுக்கினால் காற்று பாட்டிலுக்குள் போகும். தண்ணீர் இன்னொரு குழாய் வழியே ஏறிக் கண்ணாடியில் பீச்சும். கோச்சடை டாக்சி ஸ்டாண்டில் வேறு எந்த அம்பாசிடருக்கும் இந்த வசதி கிடையாது.

"காஞ்ச கண்ணாடியில ரப்பர ஓடவிடக் கூடாது சார். புழுதி இழுபட்டுக் கோடு விழுந்துரும். அப்புறம் எதுத்தாப்புல லைட் அடிச்சா அம்புட்டும் கண்ணுல குத்தும்."

ஐம்பதைத் தொட்ட மனிதர். ஹாரன் அடிக்கப் பிடிக்காது. சவாரிக்காரர்கள் என்ன சண்டை போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். "ஏத்துறதும் எறக்குறதும் நம்ம வேல. நடுவுல பேசுறது அவுக வேல."

போன ஐப்பசியில் உசிலம்பட்டி சாலையில் ஒரு கிராமத்துக்குச் சவாரி. அதே ஊரில் எனக்கு விதைநெல் பார்க்கிற வேலை இருந்ததால் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். பின்னால் முத்திருளனும் அவர் மனைவி தங்கப்பொண்ணும், ஆளுக்கொரு சன்னலை ஒட்டி. ஊர்க்கூட்டத்தில் பேசிக் கல்யாணத்தை அறுத்துக்கொள்ளப் போகிறார்கள். இருவருக்கும் பேச்சு நின்று பல மாதமாம்.

நாகமலையைத் தாண்டியதும் மழை கொட்டியது. வைப்பர் பாதியில் நின்றது. மோட்டார் மட்டும் உறுமியது. காசிமாயன் ஓரங்கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார்.

"மோட்டாருக்குச் சுத்த மட்டுந்தான் தெரியும் சார். அதுல ஒரு பல்லுக்கம்பி மாட்டியிருக்கும். அது முன்னயும் பின்னயும் போயி ரெண்டு கையையும் ஆட்டும். கம்பிய மாட்டுற பின்னு விழுந்துருச்சு."

டிக்கியிலிருந்து சணல் கயிறு எடுத்தார். வைப்பர் கைகளில் கட்டி, ஒரு முனையை இடது சன்னல் வழியாகத் தங்கப்பொண்ணிடமும் மறுமுனையை வலது சன்னல் வழியாக முத்திருளனிடமும் கொடுத்தார். நான் கை நீட்டினேன். "நீங்க உள்பக்கம் ஆவியத் தொடைங்க சார்" என்று துணியை என் மடியில் போட்டார்.

வண்டி ஊர்ந்தது. கயிறு இருபக்கமும் விறைத்து நின்றது, வைப்பர் நகரவில்லை.

"அவள விடச் சொல்லுங்கண்ணே. விட்டாத்தான நான் இழுக்க முடியும்."

"மெல்ல இழுக்கச் சொல்லுங்கண்ணே. கை அறுக்குது."

"மழை எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. நீங்களே சொல்லிக்கங்க" என்றார் காசிமாயன்.

கொஞ்ச நேரம் எதுவும் தெரியாமல் போனோம். பிறகு பின்னாலிருந்து மெதுவாக முத்திருளன் குரல்: "இப்ப இழு."

"ம். இப்ப நீ இழு."

கண்ணாடி தெளிந்தது. சாலை தெரிந்தது. ஒருமுறை அவள், "துண்டச் சுத்திப் பிடி, கை புண்ணாப் போகும்" என்றாள்.

ஊரில் மழைக்குக் கூட்டம் கலைந்திருந்தது. நாள் குறித்துச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் வேலை முடித்துத் திரும்பியபோது, இருவரும் டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். தம்ளரைப் பிடிக்க முடியாமல் சிவந்திருந்த அவள் உள்ளங்கையை முத்திருளன் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிமாயன் வண்டிக்குள் குனிந்து, பின்னு விழுந்த இடத்தில் ஒரு கட்டுக்கம்பியை வளைத்து மாட்டினார். கயிற்றைத் தளர்த்திவிட்டு சுவிட்சைப் போட்டார். வைப்பர் ஒழுங்காக ஓடியது. தூறல் இன்னும் விடவில்லை.

அவர் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சுவிட்சை அணைத்தார். மாட்டிய கம்பியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு சன்னல்களுக்குள் விட்டார்.