ஹீற்றர் போடாத வாடகைக்காரர்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் பேஸ்மென்ற் அறைக்கு வாடகைக்கு வந்தவர் சென்னைக்காரர். மெலிந்த மனிதர். சவரம் செய்யாமல் ஒருநாளும் கதவு திறக்கமாட்டார். சென்னைக் கம்பனி வேலையை அறையிலிருந்தே கொம்பியூட்டரில் செய்வார்.

ஒரு தை மாதம் தேத்தண்ணி கொண்டுபோன நான் திகைத்து நின்றுவிட்டேன். அறை ஐஸ் பெட்டிபோலக் கிடந்தது. கோட்டும் தொப்பியும் போட்டு, விரல் நுனி வெட்டிய கையுறையோடு தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஹீற்றர் பழுதோ?”

“இல்லம்மா. நாள் பூரா வீட்லயே இருக்கேன், கரண்ட் பில் ஏறுதுன்னு போன வீட்ல காலி பண்ணச் சொன்னாங்க. இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்?”

“என்ர வீட்டில ஆரும் விறைச்சுச் சாகேலாது. ஒருத்தரும் உம்மை வீட்டைவிட்டு எழுப்பமாட்டினம்.”

நானே ஹீற்றரைப் போட்டேன். எழுந்து கும்பிட்டார். நான் பாதிப் படி ஏறுவதற்குள் அதை நிற்பாட்டும் சத்தம் கேட்டது.

என் வீட்டில் என் சொல்லை நம்பாதவர் அவர் ஒருவர்தான். இன்றுவரை எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.