ஆம்ப்ரோஸ் சொன்ன எண்கள்

ஆம்ப்ரோஸ் டர்ன்ஃபோர்டுக்குச் சர்க்கரை நோய் என்று அறுபத்தேழாவது வயதில்தான் தெரிந்தது. கண் பார்க்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பதினாறு என்றார்கள். அந்த நாட்டுக் கணக்கில் ஏழுக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டினால் கவலை.

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், பார்ட்ரிட்ஜ் குடாவில் அவர் வீடு. கோடையில் முப்பது பேர் இருப்பார்கள். பனிக்காலத்தில் ஒன்பது பேர். சாலை கிடையாது, வாரத்தில் இரண்டு நாள் படகு வரும். மனைவி எஃபி இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. மகன் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான்.

கிளினிக்குக்குப் படகில் மூன்று மணி நேரம் போக வேண்டும். அதனால் நர்ஸ் ரோவீனா செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, இந்த வாரம் என்ன? படிங்க."

"திங்கள் ஒன்பதரை. செவ்வாய் பத்து. புதன்... அன்னைக்கு ரொட்டி கொஞ்சம் தூக்கலாப் போச்சு கண்ணு. பன்னெண்டு."

"எத்தனை துண்டு?"

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

"எத்தனை துண்டு மாமா?"

"நாலு. மேல கரும்புப்பாகு."

அவள் சிரித்துக்கொண்டே திட்டினாள். அதற்குமுன் அவரை யாராவது திட்டி எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். பாகு டப்பா, சர்க்கரை, டின் பால் மூன்றையும் படகுக்காரனிடம் கொடுத்து அனுப்பினார். பாதித் தட்டு முட்டைக்கோஸும் டர்னிப்பும், ஒரு துண்டு காட் மீன், ஒரே ஒரு உருளைக்கிழங்கு. சாப்பிட்டதும் பலகைப் பாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு நடை. பிப்ரவரியில் எண்கள் ஆறுக்கும் ஏழுக்கும் வந்துவிட்டன.

"மாமா, என்கிட்ட வர்றவங்கள்ல நீங்கதான் முதல் மார்க்கு! இனிமே வாராவாரம் வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் போதும்."

"நல்லது கண்ணு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய், பழக்க தோஷத்தில் பத்து மணிக்குத் தொலைபேசி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த செவ்வாயும் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அவர் பேசியது படகுக்காரனிடம் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். மூன்றாவது செவ்வாய் அவரே கூப்பிட்டார்.

"பன்னெண்டு காட்டுது," என்றார். மேசைமேல் இருந்த கருவியில் ஆறு புள்ளி இரண்டு என்றிருந்தது.

வாராந்தர அழைப்பு திரும்ப ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடாத அளவுக்குப் பார்த்துப் பார்த்து எண்களைக் கூட்டினார். மீன் எடையில்கூடப் பொய் சொல்லியறியாத மனிதர். ரோவீனா டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டினாள். இரண்டு வாரம் கழித்து இன்னும் கூட்டினாள். மாத்திரையை மட்டும் அவர் தவறாமல் விழுங்கினார். அவள் கொடுத்ததை விழுங்காமல் ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, கரையோரக் கொட்டகையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. குளிர்காற்றிலும் சட்டை வியர்வையில் நனைந்தது. முடிச்சைப் பிடித்தால் விரல் வேறெங்கோ போனது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. ஆனால் வீட்டில் இனிப்பென்று ஒரு பொட்டுகூட இல்லையே.

பக்கத்தில் ஃபட்ஜ் குடும்பத்தின் வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி படிக்கட்டுக்கடியில் இருப்பது அவருக்குத் தெரியும். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் திறந்தார். அடுக்களை அலமாரியில் ஒரு பெர்ரி ஜாம் பாட்டில் இருந்தது. மூடியை மேசை விளிம்பில் தட்டித் திறந்து, விரலாலேயே வழித்து வழித்துத் தின்றார். பிறகு அந்தக் குளிர்ந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுக்கம் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. இங்கே விழுந்து கிடந்தால் எப்போது தெரியவரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜூலையில் அவர்கள் விடுமுறைக்கு வந்தால் தெரியலாம்.

வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டார். உண்மையான எண்களை முதலிலிருந்து படித்தார்.

"ஏன் மாமா?"

"நீ மூணு மாசம்னு சொல்லிட்டே."

"செத்திருப்பீங்க," என்றாள். "நான் குடுத்த மாத்திரையால செத்திருப்பீங்க. அது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சீங்களா?"

அவர் யோசித்திருக்கவில்லை. அதை அவளிடம் சொன்னார்.

டாக்டரிடம் பேசிவிட்டு மாத்திரையைக் குறைத்தாள். பிறகு ஒளிக்காமல் சொன்னாள்: "எனக்கு நூத்தி நாப்பது பேர். வாராவாரம் என்னால முடியாது மாமா. ஃபாக்ஸ் தீவுல பியூலா கீப்பிங்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கும் சர்க்கரை, தனி ஆளு. பேச யாராவது இருந்தா சொல்லுன்னு கேட்டிருக்காங்க. உங்க நம்பரைக் குடுக்கட்டா?"

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேசறது?"

"குடுக்கட்டா, வேண்டாமா?"

"குடு."

சனிக்கிழமை மாலை மணி அடித்தது.

"உங்களுக்கு எவ்வளவு?" என்றது கரகரத்த குரல்.

"ஆறு புள்ளி எட்டு. உங்களுக்கு?"

"பதினொண்ணு. சர்ச்சுல கேக் குடுத்தாங்க. நர்ஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்."

அதற்குமேல் பேச இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. நாய் கதவைப் பிறாண்டுகிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். மொத்தம் நாலு நிமிடம்.

அடுத்த சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. ஆம்ப்ரோஸ் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தார். ஃபாக்ஸ் தீவில் மட்டும் கீப்பிங் என்ற குடும்பப் பெயரில் பதினாலு பேர் இருந்தார்கள், பியூலா என்று ஒருவரும் இல்லை. வரிசையாகக் கூப்பிட்டு ஐந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆறாவதில் அந்தக் கரகரத்த குரல் எடுத்தது.

"யாரு?"

"சர்க்கரைக்காரன்," என்றார். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஓ, நீங்களா. இருங்க, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கறேன்."

அவர் காத்திருந்தார்.