முப்பது டிக்கெட், இருபது சுண்டல்

ஒரு ரூபாய்க்கு விமான டிக்கெட் விற்கிறார்கள் என்று மாமா சொன்ன நொடியிலேயே, எங்கள் வீட்டுக் கொலுவுக்குக் கூட்டம் சேர்க்கும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது.

காலாண்டு விடுமுறை. அந்த வருடம்தான் அடி அண்ணாமலை கிராமத்தை விட்டு, டவுனை ஒட்டிய வேங்கிக்கால் புது வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மா முதல்முறையாகக் கொலு வைத்திருந்தாள். மூன்றே படி. எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு ஒன்பது படி, நடுவில் வட்டமடிக்கும் பொம்மை ரயில் வேறு. சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். டீச்சரை அழைக்க அம்மாவுக்குக் கூச்சம். அதற்கென்று வாங்கிய குங்குமச்சிமிழ் பிரிக்காமலே கிடந்தது. இருபது பேருக்குச் சுண்டல் தாளித்துவிட்டுப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் காலையும் நாங்கள் அதையே தின்போம். மூன்றாம் நாள் வாசலைப் பார்த்தபடி, "இன்னிக்கு கடலை நல்லா வெந்திருக்கு" என்றாள். கேட்க யாருமில்லை.

அன்றுதான் மாமா வந்தார். சென்னையில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் ஆபீஸில் வேலை. என் கேள்விகளுக்கு எரிந்துவிழாத ஒரே பெரியவர்.

"எல்லா பிளேனும் ஒரே ஊருக்குத்தானே போகுது? அப்புறம் எப்படி மாமா ஆளை இழுப்பாங்க?"

"ஒருத்தன் சாப்பாட்டை நிறுத்திட்டு ரேட்டைக் கம்மி பண்ணுவான். இன்னொருத்தன் ஜன்னல் சீட்டு தரேன்பான். இன்னொரு தந்திரம் கேளு பாப்பா, இருக்கிற சீட்டுக்கு மேல நாலு டிக்கெட் ஜாஸ்தியா விப்பாங்க. எப்படியும் நாலு பேரு வரமாட்டான்."

என்ன மூளை! நான் அசந்துபோனேன்.

எதிர்வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு: பாட்டுப் பாடினால்தான் சுண்டல். பிள்ளைகளுக்கு அது வேப்பங்காய். எனவே எங்கள் கட்டணத்தில் பாட்டை ரத்து செய்தேன். எங்கள் ஜன்னலில் அண்ணாமலை முழுசாகத் தெரியும். ஆக, எல்லோருக்கும் ஜன்னல் சீட்டு. பழைய நோட்டைக் கிழித்து முப்பது டிக்கெட் எழுதித் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பத்துப் பேர் வரமாட்டார்கள் என்று மாமா வழியில் ஒரு கணக்கு. டீச்சரம்மாவுக்கு மட்டும் தரவில்லை. போட்டிக் கம்பெனிக்கு யாராவது டிக்கெட் தருவார்களா?

விமானத்துக்கு நாலு பேர் வராமல் இருக்கலாம். சுண்டலுக்கு யார் வராமல் இருப்பார்கள்? மறுநாள் சாயங்காலம் முப்பது பேரும் வந்தார்கள், தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. அரை மணியில் குண்டான் காலி.

"டிக்கெட் கீது, சுண்டல் எங்க? ஏமாத்துக்காரி!" என்று ஒருவன் டிக்கெட்டை என் மூக்கு நுனியில் ஆட்டினான். அம்மா வெறுங்கரண்டியோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "பயணிகள் கவனத்துக்கு, பத்து நிமிஷம் தாமதம்" என்று மாமா அறிவித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது டீச்சரம்மா குண்டானோடு தெருவைக் கடந்து வந்தார். "எங்க வீட்ல ஒரு பிள்ளைகூட இல்ல. இந்தாங்க, இதைக் கொடுங்க."

தின்றதும் பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். டீச்சரம்மா போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க ஒம்பது படி வெச்சிருக்கீங்க. நம்ம வீட்டுக்கெல்லாம் வருவீங்களோ என்னவோன்னு..." அம்மா இழுத்தாள்.

"நல்லா இருக்கே! நீங்க கூப்பிடுவீங்கன்னு மூணு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன்."

அம்மா சிமிழைத் திறந்தாள். "பாட்டு இல்லாம எந்திரிக்கமாட்டேன்" என்றார் டீச்சரம்மா. ஊரில் நாற்று நடும்போது பாடும் பாட்டை அம்மா மெல்லப் பாடினாள். இரண்டாம் அடிக்குக் குரல் தெளிந்தது. முடித்ததும் முகமெல்லாம் சிரித்தாள்.

எனக்கோ எரிச்சல். போட்டிக் கம்பெனிக்காரர் டிக்கெட் இல்லாமல் ஏறியதும் இல்லாமல், நான் ரத்து செய்த கட்டணத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்! முப்பது பேர் வந்தபோது சிரிக்காத அம்மா, ஒருத்தர் வந்ததற்கு ஏன் அப்படிச் சிரித்தாள்?

கூட்டம் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். நோட்டில் மிச்சமிருந்த தாளை எடுத்து அடுத்த வருடத் திட்டத்தை எழுத ஆரம்பித்தேன்: அறுபது டிக்கெட், நூறு பேருக்குச் சுண்டல்.