எண்ணெய் வெளுக்கும் வரை

என் மருமகள் காலையில் வாய் நிறைய நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு, காப்பி வேண்டுமா என்று கையால் கேட்கிறாள். ஈறுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். எனக்குக் கொப்பளிக்கப் பல் இல்லை. ஆனால் அவளுடைய உப்பிய கன்னத்தைப் பார்த்தால் அம்மாவின் முகம் வந்துவிடுகிறது. எழுதி வைப்போமே என்று உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினால் கை ஓய்ந்துபோகிறது. நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். கொழும்புக்குத் தோணியில் போன அப்பா வரவில்லை. தோணி அங்கேயே நிற்கிறது என்றார்கள், வந்துவிடும் என்றார்கள். அம்மாவும் நானும் தூத்துக்குடியில் அப்பாவின் அக்கா வீட்டில் இருந்தோம். அத்தைக்குப் பிள்ளை கிடையாது, மாமாவும் செத்துப்போயிருந்தார். விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய் உப்புச் சுமப்பாள். அவள் சுமந்ததில்தான் மூன்று பேரும் கஞ்சி குடித்தோம். அம்மா கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடை முடைந்து விற்றாள். அது விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கக்கூடக் காணாது.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நோவெடுத்தது. வைத்தியம் சொன்னது அத்தைதான். வெறும் வயிற்றில் நல்லெண்ணெயை வாயில் விட்டுக் கொப்பளிக்க வேண்டும். அது நீர்த்து மோர் மாதிரி வெளுக்கிற வரை துப்பக் கூடாது, விழுங்கவும் கூடாது. வாயைத் திறந்து ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் நோவு நாக்குக்கு இறங்கிவிடும் என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் அத்தையின் பாதம் உப்புத் தண்ணீரில் வெடித்துப் பிளந்திருந்தது. என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனால் அவளுக்கு ஒரு கை ஒத்தாசை. நான் ஐந்தாம் வகுப்பு வாசித்துக்கொண்டிருந்தேன். யாரோடும் பேச எனக்கு வராது. டீச்சர் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும். அந்த வகுப்பையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அத்தைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெற்றவள் தன் வாயால் போகச் சொல்லாமல் பிள்ளையை அளத்தில் இறக்கக் கூடாது. உப்பு காலைத் தின்கிற இடம், நாளைக்கு ஒன்று என்றால் பழி தன்மேல் வரும். அதனால் தினமும் கிளம்பும்போது கேட்பாள்.

"ஏளா, பிள்ளையக் கூட்டிட்டுப் போவட்டா? என்ன சொல்லுத?"

அம்மா கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பாள். வாயைத் தொட்டுக் காட்டுவாள். தலை ஆடும், அது சரியென்கிறதா, வேண்டாமென்கிறதா, கொப்பளிக்கிற ஆட்டமா என்று தெரியாது.

"இன்னும் வெளுக்கலியா? சவம், என்ன பல்லுளா இது!"

அதற்குள் தெருவில் அளத்துப் பெண்கள் கூப்பிடுவார்கள். "யக்கா, வாரியளா இல்லியா? கங்காணி ஆளச் சேத்து முடிச்சிருவான்." அத்தை தலைத்துணியைச் சுருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடுவாள். சாயங்காலம் வந்து கேட்கலாம்தான். ஆனால் கஞ்சிச் சட்டி கையில் இருக்கும்போதே கண் சொக்கிவிடும் அவளுக்கு.

எண்ணெய் தீர்ந்தது. கடைக்கு அம்மா என்னை அனுப்பினாள். கடை அண்ணாச்சி, "தலைக்கு வைக்கவே எண்ணெயக் காணோம், நீ வாய்க்குக் கேக்கியா? போளா" என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். "சரி" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலும் அம்மாவின் கன்னம் உப்பித்தான் இருந்தது. அத்தை கேட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். புறவாசலில் முருங்கை மூட்டில் அம்மா துப்பியதைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

எண்ணெய் இல்லாமல் அம்மா பல் எப்படி ஆறும் என்று எனக்கு அழுகையாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அண்ணாச்சி கடைக்குப் போய் நின்றேன். அவர் "என்னளா, பிள்ளையார் மாதிரி நிக்க?" என்ற பிறகுதான், "அம்மைக்குப் பல்லுவலி" என்று சொல்ல முடிந்தது. கடைவாசலைத் தூத்துப் பெருக்கச் சொல்லி, தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். அதைக் கொட்டானுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

விடியற்காலை அத்தை வழக்கம்போலக் கேட்டாள். அம்மா வழக்கம்போல வாயைத் தொட்டுக் காட்டினாள். நான் சிரட்டையோடு ஓடிவந்தேன்.

"எம்மா, இந்தா எண்ணெய்! இனிமே நீ தண்ணிய வச்சிக் கொப்பளிக்க வேண்டாம்!"

அம்மா மடக்கென்று விழுங்கிவிட்டாள்.

அத்தை மாடத்திலிருந்த எண்ணெய்ச் சீசாவை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். காய்ந்துபோயிருந்தது. அம்மா தலை நிமிரவில்லை. அவள் வாயில் இப்போது ஒன்றும் இல்லை. அத்தை கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெடித்த பாதத்தை ஒரு கையால் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தெருவில் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை.

பிறகு என் கையிலிருந்து சிரட்டையை வாங்கினாள்.

"வாயத் தொறளா."

அம்மா திறந்தாள். அத்தை தன் கையாலேயே ஊற்றினாள்.

"வெளுக்குற வரைக்கும் துப்பாத."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கினாள். "பிள்ள இன்னைக்கும் வரலியாக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "அவ ஆத்தா வாயில எண்ணெய்லா இருக்கு" என்று அத்தை சொன்னது கேட்டது. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. எண்ணெய் காறுகிறதோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அத்தை கேட்கவில்லை. சீசாவும் காலியாகவில்லை. எப்படி நிறைகிறது என்று நான் யோசிக்கவும் இல்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் அடைத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அம்மா எண்ணெய் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றாள். அம்மாவே என் பக்கம் திரும்பி, "அத்தையோட போயிட்டு வா" என்றாள்.

அவள் குரலை அந்த நேரத்தில் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ஒருவழியாகப் பல்வலி சரியாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.